சாதனத்தைச் செருகினால் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும்: லினக்ஸில் எந்த வேலைக்கு எந்த வழி?

வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் பேக்கப் தானாகத் தொடங்க வேண்டும். தனி விசைப்பலகையைச் செருகியதும் தமிழ் லேஅவுட் வர வேண்டும். எடை இயந்திரத்தின் யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் எடையைப் பதியும் நிரல் ஓட வேண்டும், பிடுங்கியதும் நிற்க வேண்டும். பாதுகாப்புச் சாவியை உருவினால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும்.

லினக்ஸில் இந்த நான்கில் எதைக் கேட்டாலும் இணையத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: யூடெவ் (சாதனங்கள் வருவதையும் போவதையும் கவனித்துக் கையாளும் லினக்ஸ் பகுதி) விதி ஒன்று எழுதி, அதன் 'ரன்' பகுதியில் ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுங்கள். நான்கில் கடைசி வேலைக்கு மட்டுமே அது சரியான பதில். மற்ற மூன்றிலும் விதி பொருந்தும், ஸ்கிரிப்டும் தொடங்கும், வேலை மட்டும் நடக்காது. பிழைச் செய்தியும் கண்ணில் படாது. "டெர்மினலில் ஓட்டினால் ஓடுகிறது, செருகினால் ஓடவில்லை" என்று வாசகர்கள் எழுதுவதெல்லாம் இந்த இடத்தில் சிக்கியவர்கள்தான்.

வழிகள் நான்கு இருக்கின்றன: யூடெவ் விதியிலிருந்து நேரடியாக ஓட்டுவது, யூடெவ் வழியாக சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் மேலாளர்) சேவையைத் தொடங்குவது, பயனர் அமர்வுக்குள் ஒரு நிரலைக் காதுகொடுத்துக் காத்திருக்க வைப்பது, குறித்த இடைவெளியில் போய்ப் பார்த்துவருவது. கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் இடும்போது ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

## முதலில் உங்கள் ஸ்கிரிப்டிடம் கேட்க வேண்டியவை

எவ்வளவு நேரம் ஓடும்? ஒரு வினாடிக்குள் முடிவதும் பத்து நிமிடம் ஓடுவதும் இங்கே இரண்டு வேறு சாதிகள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான் பிரிக்கும்.

எதை நம்பியிருக்கிறது? மவுண்ட் ஆன (கோப்பு அமைப்பில் இணைந்து படிக்க, எழுதத் தயாரான) டிஸ்க்கா, நெட்வொர்க்கா, உள்நுழைந்தவரின் திரையா? ஒன்றும் வேண்டாம் என்றால் வேலை எளிது.

பிடுங்கும்போது என்ன நடக்க வேண்டும்? ஒன்றுமில்லை என்றால் ஒரு வழி. ஓடும் நிரல் நிற்க வேண்டும் என்றால் வேறு வழி. பிடுங்குவதே தூண்டுதல் என்றால் இன்னொன்று.

இரண்டு முறை ஓடினால் கெடுமா? திரையை இரண்டு முறை பூட்டினால் ஒன்றும் ஆகாது. பேக்கப் இரண்டு ஒரே நேரத்தில் ஒரே டிஸ்க்கில் எழுதினால் ஆகும்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பீர்கள்? அமைக்கும்போது யாரும் யோசிக்காத கேள்வி. ஆறு மாதம் கழித்து பேக்கப் ஓடவில்லை என்று தெரியவரும் நாளில் இது ஒன்றுதான் கேள்வி.

## செருகிய கணத்தில் நடப்பது

எஃப்டிடிஐ சிப் வைத்த ஒரு சாதாரண யுஎஸ்பி–சீரியல் கேபிளை எடுத்துக்கொள்வோம். 'யூடெவ்அட்ம் மானிட்டர்' ஓட்டிவிட்டு அதைச் செருகிப் பாருங்கள். டிரைவர் ஏற்கெனவே ஏறியிருந்தால் பொதுவாக ஏழு நிகழ்வுகள் வரும்: யுஎஸ்பி சாதனத்துக்கு ஓர் 'ஆட்', அதன் இன்டர்ஃபேஸுக்கு ஓர் 'ஆட்', யுஎஸ்பி-சீரியல் அடுக்குக்கு ஒன்று, கடைசியில் நாம் திறந்து படிக்கும் டிடிஒய்க்கு (சீரியல் போர்ட்டுக்கு) ஒன்று, பிறகு கீழிருந்து மேலாக மூன்று 'பைண்ட்'. டிரைவர் சாதனத்தோடு இணைந்ததைச் சொல்லும் இந்த 'பைண்ட்' நிகழ்வு கர்னல் 4.14இல் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட விதிகள் சில இன்று விசித்திரமாக நடந்துகொள்வதற்கு அது ஒரு காரணம். உற்பத்தியாளர் எண்ணை மட்டும் வைத்து "இது வந்தால் ஓட்டு" என்று விதி எழுதினால், ஒரே செருகலுக்கு ஸ்கிரிப்ட் பல முறை ஓடுவது இதனால்தான்.

அடுத்தது அதைவிட முக்கியம். கர்னல் அனுப்பும் ஒவ்வொரு நிகழ்வையும் முதலில் வாங்குவது யூடெவ் டீமன். அது எல்லா விதிக் கோப்புகளையும் பெயர் வரிசையில் படித்து, பெயர், அனுமதி, பண்புகள் எல்லாவற்றையும் நிரப்பி, இறுதியில் 'ரன்' பட்டியலில் சேர்ந்த நிரல்களை ஓட்டுகிறது. அவை முடிந்த பிறகுதான் "இப்படி ஒரு சாதனம் வந்திருக்கிறது" என்று மற்றவர்களுக்கு அறிவிக்கிறது. டிஸ்க்கை மவுண்ட் செய்யும் யூடிஸ்க்ஸ், திரையைக் கையாண்டு விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ் சர்வர், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி எல்லாமே இந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பவை.

டிஸ்க் மவுண்ட் ஆகட்டும் என்று 'ரன்' ஸ்கிரிப்டுக்குள் 'ஸ்லீப் 10' போடுகிறவர்கள் உண்டு. மவுண்ட் செய்ய வேண்டியவருக்கு இந்த ஸ்கிரிப்ட் முடிந்தால்தான் செய்தியே போகும். பத்து வினாடி போட்டால் எல்லோருக்கும் பத்து வினாடி தாமதம். முப்பது போட்டால் முப்பது. வாசலில் நின்று வழியை மறித்துக்கொண்டு, உள்ளே வருபவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பது போல.

## வழி 1: யூடெவ் விதியிலிருந்து நேரடியாக

எட்சி அடைவில் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி. அங்கே 99 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு கோப்பு. அதில் பொருத்தங்களும் கடைசியில் 'ரன்'னும் கொண்ட ஒரே ஒரு வரி.

பாதுகாப்புச் சாவி உதாரணம் இதற்குப் பொருத்தமானது. யூபிகீ சாவிகளைத் தயாரிக்கும் யூபிகோ நிறுவனத்தின் யுஎஸ்பி எண் 1050; பல மாடல்களின் தயாரிப்பு எண் 0407. உருவியதும் திரை பூட்ட வேண்டும் என்றால் விதியில் 'ஆக்‌ஷன்' 'ரிமூவ்' ஆகவும், 'சப்சிஸ்டம்' 'யுஎஸ்பி' ஆகவும், 'டெவ்டைப்' 'யுஎஸ்பி_டிவைஸ்' ஆகவும் பொருந்த வேண்டும். ஓட்ட வேண்டியது 'லாகின்சிடிஎல் லாக்-செஷன்ஸ்'. இது கண்சிமிட்டும் நேரத்தில் முடியும், மவுண்ட் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், இரண்டு முறை ஓடினாலும் பழுதில்லை.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. செருகும் விதியில் எல்லோரும் 'அட்ர்' பொருத்தத்தில் 'ஐடிவெண்டர்' என்று எழுதுவார்கள். அது சிஸ்எஃப்எஸ் (சாதன விவரங்களைக் கர்னல் கோப்புகளாகக் காட்டும் இடம்) கோப்பிலிருந்து படிக்கப்படுவது. சாதனத்தை உருவிய பிறகு அந்தக் கோப்பே இருக்காது. விதி ஒருபோதும் பொருந்தாது. 'ரிமூவ்' விதியில் 'என்வ்' வகைப் பண்புகளைத்தான் பயன்படுத்த வேண்டும்: 'ஐடி_வெண்டர்_ஐடி', 'ஐடி_மாடல்_ஐடி' அல்லது கர்னலே தரும் 'ப்ராடக்ட்'. 'ப்ராடக்ட்'டில் முன்பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். ஆகவே 1050/0407 என்று எழுதினால் பொருந்தாது. 1050/407 என்று எழுதி, அடுத்த சாய்கோட்டுக்குப் பின் நட்சத்திரம் இட வேண்டும்.

அடுத்து, எளிய விதியிலும் ஆளை மாட்டிவிடும் சில:

- ஒப்பிட இரண்டு சமக்குறி, மதிப்பை வைக்க ஒன்று, பட்டியலில் சேர்க்கக் கூட்டல்குறியும் சமக்குறியும். பொருத்தத்தில் ஒரு சமக்குறி விடுபட்டால் அது ஒப்பீடாகவே இருக்காது. விதி உங்கள் கணிப்பை மீறி எதற்கோ பொருந்தும், அல்லது நிராகரிக்கப்படும்.
- 'ரன்' வரி ஷெல் அல்ல. பைப், திசைதிருப்பும் குறி, 'அண்ட்' குறி எதுவும் வேலை செய்யாது. முழுப் பாதை கொடுக்காவிட்டால் யூடெவ்வின் சொந்த அடைவில் மட்டுமே தேடும். டாலர், சதவீதக் குறிகளை இரட்டிக்க வேண்டும்.
- 'அட்ர்ஸ்' என்று 'எஸ்' சேர்த்து எழுதும் பொருத்தங்கள் மேலடுக்குச் சாதனங்களைத் தேடும். ஆனால் ஒரு விதியில் உள்ள அவை எல்லாம் ஒரே மேலடுக்கில் கிடைத்தாக வேண்டும். 'யூடெவ்அட்ம் இன்ஃபோ' காட்டும் இரண்டு வெவ்வேறு பத்திகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எழுதினால் பொருந்தாது.
- சோதிக்கும்போது 'யூடெவ்அட்ம் ட்ரிகர்' இயல்பாக அனுப்புவது 'சேஞ்ச்' நிகழ்வு. உங்கள் விதி 'ஆட்'டுக்காகக் காத்திருந்தால் அசையாது. செயலை வெளிப்படையாகக் கொடுங்கள். 'யூடெவ்அட்ம் டெஸ்ட்' கட்டளையோ 'ரன்' நிரல்களைப் பட்டியலிடுமே தவிர ஓட்டாது.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் பெரியவை. யூடெவ் சேவை ஒரு கூண்டுக்குள் ஓடுகிறது. அதிலிருந்து கிளம்பும் ஸ்கிரிப்டும் அதே கூண்டில்தான். மவுண்ட் செய்ய முயன்றால், சிஸ்டம்டி பதிப்பைப் பொறுத்து, மறுக்கப்படும் அல்லது யாருக்கும் தெரியாத தனிவெளிக்குள் மவுண்ட் ஆகும். நெட்வொர்க் முகவரிகள் அடைக்கப்பட்டிருக்கும். நிகழ்வு முடிந்ததும் மிச்சமிருக்கும் செயல்கள் எல்லாம் கொல்லப்படும். பின்னணிக்குத் தள்ளினாலும், 'நோஹப்' போட்டாலும், 'செட்சிட்' போட்டாலும் சி-குரூப்பை (கர்னல் வைத்திருக்கும் செயல்களின் குழு) பார்த்துக் கொல்வதால் தப்ப முடியாது. முன்னணியிலேயே ஓடவிட்டால் 180 வினாடி எல்லை. அதுவரை அந்தச் சாதனத்தின் அடுத்த நிகழ்வுகள் வரிசையில் நிற்கும். ஸ்கிரிப்ட் அச்சிடும் செய்திகளோ லாக் அளவை டீபக்குக்கு உயர்த்தினால்தான் தெரியும். குறைந்தபட்சம் ஸ்கிரிப்டுக்குள் 'லாகர்' கட்டளையையாவது வையுங்கள்.

கணினி துவங்கும்போதும் இது ஓடும். ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் பூட் நேரத்தில் ஒரு சுற்று 'ஆட்' நிகழ்வுகள் மறுபடி எழுப்பப்படும். அப்போது ஹோம் பகுதி மவுண்ட் ஆகியிருக்க வேண்டிய கட்டாயமில்லை.

எப்போது இதுவே நல்லது: கணத்தில் முடியும், எதையும் நம்பாத வேலைக்கு. சிஸ்டம்டி இல்லாத, ஆனால் யூடெவ் அல்லது அதன் கிளையான இயூடெவ் உள்ள கணினிகளில் வேறு வழியும் குறைவு; அங்கே அந்தக் கூண்டும் பொதுவாக இருக்காது. ரவுட்டர்களில் ஓடும் ஓபன்டபிள்யூஆர்டியில் யூடெவ்வே கிடையாது. 'ஹாட்பிளக்.டி' அடைவில் யுஎஸ்பி என்ற உள்ளடைவில் ஸ்கிரிப்டைப் போட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "ஸ்கிரிப்ட் வேண்டும்" என்று கேட்பவர்களில் பலருக்கு ஸ்கிரிப்டே வேண்டாம். அனுமதி மாற்ற 'மோட்', குழு மாற்ற 'குரூப்', நிலையான பெயர் வைக்க 'சிம்லிங்க்', சிஸ்எஃப்எஸ் மதிப்பு ஒன்றை எழுத 'அட்ர்'ருக்கு ஒற்றைச் சமக்குறி. இவையெல்லாம் விதியிலேயே முடிகிற காரியங்கள். 'சிஎச்மோட்' ஓட்டுவதற்கென்று ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அதை அழித்துவிடலாம்.

## வழி 2: யூடெவ் அழைப்பு மணி, சிஸ்டம்டி வேலையாள்

எங்கள் பார்வையில் பத்தில் எட்டு வேலைகளுக்கு இதுதான். கூண்டு இல்லை, நேர எல்லையை நீங்களே வைக்கலாம், அச்சிடுவது எல்லாம் ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாகில்) விழும், ஒரே சேவை ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடாது. ஒரு கோப்புக்குப் பதில் இரண்டு கோப்பு என்பதுதான் விலை.

சிஸ்டம்டி சில வகைச் சாதனங்களுக்குத் தானாகவே ஒரு 'டிவைஸ்' யூனிட் உருவாக்குகிறது: டிஸ்க், டிடிஒய், நெட்வொர்க் அட்டை போன்றவை. மற்றவற்றுக்கு விதியில் 'டேக்' பட்டியலில் 'சிஸ்டம்டி' என்று சேர்த்தால் போதும். அந்த யூனிட் உயிர்பெறும்போது எந்தச் சேவை தொடங்க வேண்டும் என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். யூடெவ் விதியில் 'சிஸ்டம்டி_வாண்ட்ஸ்' என்ற பண்பாக எழுதலாம். அல்லது சேவைக் கோப்பின் 'இன்ஸ்டால்' பகுதியில் 'வாண்டட்பை' என்று அந்த டிவைஸ் யூனிட்டின் பெயரை எழுதி 'இனேபிள்' செய்யலாம். இரண்டாவது முறையில் டிஸ்க்குக்கு யூடெவ் விதியே தேவைப்படாது.

### டிஸ்க் பேக்கப்

1. 'எஃப்எஸ்டேப்' கோப்பில் டிஸ்க்கின் யுயுஐடி (அதன் தனி அடையாள எண்), மவுண்ட் இடம், கோப்பு முறைமை வகை, 'நோஆட்டோ', 'நோஃபெயில்'.
2. சேவைக் கோப்பில் வகை 'ஒன்ஷாட்'. 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரியில் அந்த மவுண்ட் இடம். 'நோஆட்டோ' என்று குறித்த இடமாக இருந்தாலும் இந்த வரி அதை இழுத்து மவுண்ட் செய்துவிடும்.
3. 'எக்ஸெக்ஸ்டார்ட்'டில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை அல்லது உங்கள் ஸ்கிரிப்டின் முழுப் பாதை.
4. 'வாண்டட்பை'யில் டிஸ்க்கின் டிவைஸ் யூனிட் பெயர். இதைக் கையால் எழுதாதீர்கள். பாதையில் உள்ள சாய்கோடு சிறுகோடாகவும், சிறுகோடு ஒரு பதினாறடிமானக் குறியீடாகவும் மாறும். 'சிஸ்டம்டி-எஸ்கேப்' கட்டளைக்குப் பாதைக் கொடியையும் 'டிவைஸ்' என்ற பின்னொட்டையும் கொடுத்தால் சரியான பெயரைத் தரும்.
5. 'டீமன்-ரீலோட்', பிறகு 'இனேபிள்'.

'ஒன்ஷாட்' வகைக்குத் தொடக்க நேர எல்லை இயல்பாகக் கிடையாது. ஆகவே இரண்டு மணி நேர பேக்கப்பும் நடுவில் கொல்லப்படாது. மற்ற வகைகளில் இயல்பு எல்லை பொதுவாக 90 வினாடி.

இரண்டாவது படியை மட்டும் தவிர்க்கவே கூடாது. மவுண்ட் தோற்றுப்போனாலும் மவுண்ட் செய்யவிருந்த வெற்று அடைவு அங்கேதான் இருக்கும். ஆர்சிங்க் அதைப் பார்த்து, இதுதான் வெளி டிஸ்க் என்று நம்பி, உள் டிஸ்க்கின் மேலேயே எல்லாவற்றையும் நகலெடுக்கும். ரூட் பகுதி நிரம்பும், கணினி முடங்கும், பேக்கப் மட்டும் இருக்காது. எதிர்த் திசையில் 'டிலீட்' கொடியுடன் மீட்டெடுக்கும்போது மூல அடைவு வெற்றாக இருந்தால் விளைவு இன்னும் மோசம். ஸ்கிரிப்டுக்குள்ளும் ஒரு 'மவுண்ட்பாயின்ட்' சோதனை வைத்துவிடுங்கள், ஒரே வரிதான்.

டெஸ்க்டாப் கணினியாக இருந்தால் கோப்பு மேலாளரும் அதே டிஸ்க்கை முந்திக்கொண்டு மவுண்ட் செய்யப் பார்க்கும். அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் யூடெவ் விதியில் 'யூடிஸ்க்ஸ்_ஆட்டோ' பண்பைப் பூஜ்யமாக்கினால் அது ஒதுங்கிக்கொள்ளும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க் விடுபட வேண்டுமென்றால் 'எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்' வரியில் மவுண்ட் யூனிட்டை நிறுத்தும் கட்டளையை 'நோ-பிளாக்' கொடியுடன் வையுங்கள். கொடி இல்லாவிட்டால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்க வாய்ப்புண்டு.

### எடை இயந்திரம்

இங்கே செருகுவதைவிடப் பிடுங்குவதில்தான் வேலை. முதலில் விதி: 'சப்சிஸ்டம்' 'டிடிஒய்', 'ஐடி_வெண்டர்_ஐடி' 0403, 'ஐடி_மாடல்_ஐடி' 6001, பொருந்தினால் 'சிம்லிங்க்' ஆக 'வெயிட்ஸ்கேல்' என்ற பெயர். சிம்லிங்க்குக்கும் சிஸ்டம்டி ஒரு டிவைஸ் யூனிட் தரும். ஆகவே சேவைக் கோப்பில் அதே பெயரை மூன்று இடத்தில் எழுதலாம்: 'பைண்ட்ஸ்டு', 'ஆஃப்டர்', 'வாண்டட்பை'. கேபிளைச் செருகினால் நிரல் தொடங்கும். பிடுங்கினால் 'பைண்ட்ஸ்டு' காரணமாக அதற்கு 'டெர்ம்' சிக்னல் போகும், 'எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்'டில் எழுதியது ஓடும். டிடிஒய் எண் 0 ஆக இருந்தது 1 ஆக மாறினாலும் கவலையில்லை.

ஆனால் 0403, 6001 என்பது அந்தச் சிப்பின் எண். எடை இயந்திரத்தின் எண் அல்ல. அதே சிப் வைத்த இன்னொரு கேபிளைச் செருகினாலும் விதி பொருந்தும். 'ஐடி_சீரியல்_ஷார்ட்' பண்பையும் சேர்த்துப் பொருத்துங்கள். மலிவான சிஎச்340 சிப்களில் பொதுவாகத் தொடரெண் இருக்காது. அங்கே 'ஐடி_பாத்' வைத்து, எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைக் கொண்டுதான் பிரிக்க முடியும். துளைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது நல்லது.

சிப் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உபுண்டு 22.04 நல்ல சாட்சி. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை ஆதரிக்கும் பிஆர்எல்டிடிஒய் தொகுப்பின் விதி ஒன்று சிஎச்340இன் எண்ணுக்குப் பொருந்தியது. ஆர்டுவினோ நகல் பலகையைச் செருகிய பலருக்கும் சீரியல் போர்ட் தோன்றிய வேகத்தில் மறைந்தது. உங்கள் சேவை தொடங்கி உடனே நின்றால், முதலில் ஜர்னலில் அந்தப் பெயர் தென்படுகிறதா என்று பாருங்கள். "போர்ட் பிஸி" என்று வந்தால் மோடம்மேனேஜரைச் சந்தேகியுங்கள். புது டிடிஒய்யைக் கண்டால் அது மோடமா என்று தட்டிப் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. விதியில் 'ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர்' பண்புக்கு 1 கொடுத்தால் விட்டுவிடும்.

மறைந்த செலவு இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, டிவைஸ் யூனிட் உயிரற்ற நிலையிலிருந்து உயிர்பெறும்போது மட்டுமே சேவை தூண்டப்படும். செருகியே இருக்கும் டிஸ்க்குக்குத் தினமும் பேக்கப் வேண்டுமென்றால் கூடவே ஒரு டைமரும் வேண்டும். மற்றது, கேபிள் தளர்ந்து விட்டுவிட்டுத் தொடர்பு வந்தால், இயல்பு அமைப்பில் 10 வினாடிக்குள் 5 தொடக்கங்கள் ஆனதும் அதற்கு மேல் சிஸ்டம்டி மறுத்துவிடும். அந்த மறுப்பு நல்லதுக்குத்தான். எல்லையை உயர்த்துவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

## வழி 3: அமர்வுக்குள் காத்திருக்கும் நிரல்

திரையோடு தொடர்புள்ள வேலைக்கு இது. விசைப்பலகையைச் செருகியதும் லேஅவுட்டை மாற்றும் 'செட்எக்ஸ்கேபிமேப்' கட்டளையை ஓட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். யூடெவ்விலிருந்து ஓடினால் அது ரூட்டாக ஓடும். எந்தத் திரை என்று தெரியாது, எக்ஸ் சர்வரின் அனுமதிச் சாவியும் இருக்காது. இரண்டையும் ஸ்கிரிப்டுக்குள் கையால் நிரப்பினாலும், எக்ஸ் சர்வருக்கு அந்த விசைப்பலகை வந்த செய்தியே இன்னும் போயிருக்காது. பழைய விசைப்பலகைக்கு லேஅவுட் மாறும். புதியது பின்னால் வந்து இயல்பு லேஅவுட்டோடு உட்காரும்.

எக்ஸில் இதற்கென்றே 'இன்புட்பிளக்' என்ற சிறு நிரல் இருக்கிறது. யூடெவ்வைக் கேட்காமல் எக்ஸ் சர்வரையே கேட்பதால் முந்தல்–பிந்தல் சிக்கல் எழாது. டிஸ்க்குகளுக்கு 'யூடிஸ்கீ', அதன் 'ஈவென்ட்-ஹுக்' வழியாக, மவுண்ட் ஆனதும் உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டலாம். மற்றவற்றுக்குப் பைத்தானின் 'பையுடெவ்' நூலகத்தில் இருபது வரி போதும். இயல்பாக அது யூடெவ் வேலையை முடித்த பிறகு வரும் நிகழ்வுகளையே கேட்கும்.

இங்கேயும் ஓட்டை உண்டு. உள்நுழைந்திருந்தால்தான் ஓடும். நிரல் தொடங்கும் முன்பே செருகியிருந்த சாதனத்துக்கு நிகழ்வு வராது. ஆகவே தொடங்கியதும் ஒரு முறை இருப்பவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நிரல் சத்தமில்லாமல் செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. 'ஆட்டோஸ்டார்ட்' அடைவில் போடுவதைவிட பயனர் மட்டத்துச் சிஸ்டம்டி சேவையாக வைத்து, விழுந்தால் எழுப்பும்படி அமைப்பது மேல்.

எக்ஸுக்குப் பதிலாக வந்த திரை அமைப்பான வேலண்டுக்கு மாறியவர்கள் இந்த விசைப்பலகைப் பேச்சைத் தாண்டிப் போகலாம். 'செட்எக்ஸ்கேபிமேப்' அங்கே செல்லாது. நோம், கேடிஇ என்ற டெஸ்க்டாப்புகள் லேஅவுட்டைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. ஸ்வேயில் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனி லேஅவுட்டை அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடலாம்.

## வழி 4: போய்ப் பார்த்துவருவது

ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை, "டிஸ்க் இருக்கிறதா? இன்றைய பேக்கப் ஆகிவிட்டதா?" என்று கேட்கும் கிரான் வரி அல்லது சிஸ்டம்டி டைமர். பார்க்க அழகில்லை. ஆனால் நிகழ்வு தவறிப்போகும் பேச்சே இல்லை, பூட் நேரக் குழப்பம் இல்லை, யூடெவ் தெரியாதவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். இரவு நெட்வொர்க்கும் டிஸ்க்கும் இரண்டும் இருக்கும்போதுதான் ஓட வேண்டும் என்பது போன்ற கூட்டு நிபந்தனைகளுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. கிரானில் வைத்தால், ஒரே நேரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் அனுமதிக்கும் 'எஃப்லாக்'கைக் காத்திராத கொடியுடன் முன்னால் போடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது ஏறும்.

பிடுங்கியதற்கு உடனே செயல்பட வேண்டுமென்றால் இது உதவாது. சாவியை உருவி ஐம்பது வினாடி கழித்துப் பூட்டும் திரையால் யாருக்கு என்ன பயன்?

இதன் உறவுக்காரர் சிஸ்டம்டியின் 'பாத்' யூனிட். 'பாத்எக்சிஸ்ட்ஸ்' வரியில் டிஸ்க்கின் லேபிள் பாதையைக் கொடுத்தால் தோன்றியதும் சேவையை ஓட்டும். கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சேவை முடிந்த பிறகும் டிஸ்க் செருகியே இருந்தால் நிபந்தனை இன்னும் உண்மை என்று மறுபடி தொடங்கும். மறுபடி முடியும், மறுபடி தொடங்கும். பேக்கப்புக்கு இதைத் தொடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | நேரடி 'ரன்' | யூடெவ் + சிஸ்டம்டி | அமர்வு நிரல் | டைமர் |
|---|---|---|---|---|
| ஓடக்கூடிய நேரம் | ஒரு வினாடிக்குள் வைத்துக்கொள்ளவும் | எல்லை நம் கையில் | எல்லை இல்லை | எல்லை நம் கையில் |
| மவுண்ட், நெட்வொர்க் | முடியாது | முடியும் | பயனர் அனுமதிக்குள் | முடியும் |
| திரை, லேஅவுட் | நம்ப முடியாது | பயனர் சேவையாக வைத்தால் முடியும் | இதற்கென்றே உள்ளது | பொருந்தாது |
| பிடுங்கும்போது | 'என்வ்' பண்புகளால் மட்டும் | 'பைண்ட்ஸ்டு' நிறுத்தும் | முடியும் | தாமதமாகத் தெரியும் |
| யாரும் உள்நுழையாதபோது | ஓடும் | ஓடும் | ஓடாது | ஓடும் |
| இருமுறை ஓடும் ஆபத்து | அதிகம் | இல்லை | நிரலைப் பொறுத்தது | கிரானில் 'எஃப்லாக்' வேண்டும் |
| பிழையைத் தேட | சிரமம் | ஜர்னல் | அமைத்ததைப் பொறுத்தது | ஜர்னல் அல்லது கிரான் லாக் |

## எந்த வழியானாலும் பார்க்க வேண்டிய பூட்டு

உற்பத்தியாளர் எண், தயாரிப்பு எண், தொடரெண், யுயுஐடி எல்லாமே சாதனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. ஆள்மாறாட்டம் செய்வது கடினமில்லை. ஆகவே "இந்தச் சாதனம் வந்தால் பூட்டைத் திற" என்ற வகை வேலையை இவற்றை நம்பி வைக்கக் கூடாது. "போனால் பூட்டு" என்பதில் அந்த ஆபத்து இல்லை.

ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட் ரூட்டின் உடைமையாக, மற்றவர் எழுத முடியாத அடைவில் இருக்க வேண்டும். ஹோம் அடைவில் வைத்தால், உங்கள் கணக்குக்குள் நுழைந்த யாரும் அதைத் திருத்திவிட்டு ஒரு பென் டிரைவைச் செருகி ரூட் ஆகலாம்.

செருகிய டிஸ்க்கில் உள்ள கோப்பையே எடுத்து ஓட்டுவதை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். விண்டோஸில் அந்த வசதியின் பெயர் ஆட்டோரன். 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு பென் டிரைவ்கள் வழியே ஊர் சுற்றியது அதைப் பிடித்துக்கொண்டுதான். விண்டோஸ் 7இலேயே பென் டிரைவ்களுக்கு அதை நிறுத்தியிருந்த மைக்ரோசாஃப்ட், 2011இல் பழைய பதிப்புகளிலும் நிறுத்தியது.

## மாட்டிப் பார்க்கும்போது

விதியையும் சேவையையும் எழுதி முடித்ததும் இந்த வரிசையில் சோதித்தால் நேரம் மிச்சமாகும். முதலில் சேவையைக் கையால் தொடங்கி, செருகல் இல்லாமலேயே வேலை நடக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'யூடெவ்அட்ம் மானிட்டர்' கட்டளையைப் பண்புகளோடு ஓடவிட்டு உண்மையாகவே செருகிப் பிடுங்குங்கள். விதியில் எழுதிய ஒவ்வொரு பண்பும் 'ஆட்'டிலும் 'ரிமூவ்'விலும் அப்படியே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். மூன்றாவதாகச் சாதனத்தைச் செருகியபடியே கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். நான்காவதாக உறங்கவைத்து எழுப்புங்கள். சில யுஎஸ்பி ஹப்கள் உறக்கத்தில் மின்சாரத்தை நிறுத்துவதால், எழும்போது எல்லாம் பிடுங்கிச் செருகியது போலவே தெரியும். கடைசியாக, பேக்கப் பாதி ஓடும்போது கேபிளை உருவிவிட்டு, சேவை 'ஃபெயில்டு' என்று ஜர்னலில் விழுகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனைக்குப் பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.